96ஐ எழுதுவதா, 63ஐ எழுதுவதா?

கேள்வி: ஐயா, நான் எம்.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். உளுந்து இலையைப் படம் பிடித்துக் கொடுத்தால், அது மஞ்சள் தேமல் நோய் கண்ட இலையா, நல்ல இலையா என்று சொல்லும் புரோகிராம்தான் என் புராஜெக்ட். எங்கள் வயலிலேயே செல்போனில் ஆயிரம் படம் எடுத்தேன். நல்ல இலை 700, நோய் இலை 300. நல்ல இலைகளை ஒரே நாள் காலையில் எடுத்து முடித்துவிட்டேன். நோய் இலைகளை இன்னொரு நாள் மதியம் எடுத்தேன். ஒரு செடிக்கு நாலைந்து படம். ஓட்டிப் பார்த்ததில் 96 சதவீதம் சரியாகச் சொன்னது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு கைடு மேடம், “வேறு வயலில் சோதித்துப் பார்” என்றார். பக்கத்து ஊரில் சித்தப்பா வயலுக்குப் போய் நல்ல இலை 100, நோய் இலை 100 எடுத்துப் போட்டேன். 200இல் 126தான் சரி. அதாவது 63 சதவீதம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என்னோடு படிக்கும் சிலர் வெளியூர் புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, கோடு, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு 98, 99 என்று வருகிறது. வைவாவுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. 63ஐ விட்டுவிட்டு 96ஐ மட்டும் எழுதலாமா? இல்லை, நானும் பணம் கட்டிவிடட்டுமா? அம்மாவின் வளையலை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. என்னிடம் நல்ல லேப்டாப்கூட இல்லை. இதற்கிடையில், பணம் கட்டினால் மூன்றே நாளில் ஜர்னலில் வெளியிடுகிறோம் என்று ஒரு மெயிலும் வந்திருக்கிறது. என்ன செய்வதென்றே தெரியவில்லை.

– க. செ., ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: க. செ. அவர்களுக்கு, முதலில் அந்த வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் புராஜெக்ட் கெட்டுப்போகவில்லை. ஆறு வாரத்தில் நல்லபடியாக முடிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. 96ஐ மட்டும் எழுதலாமா என்று கேட்டீர்கள். கூடாது. 63ஐ மட்டும் எழுதவும் வேண்டாம். இரண்டையும் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 33 ஏன் வந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னால், அதுவே உங்கள் ஆராய்ச்சி. உங்களை வேறு வயலுக்கு அனுப்பிய கைடுக்கு நன்றி சொல்லுங்கள். பலருக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

உங்கள் பயம் நியாயமானது. வகுப்பில் மற்றவர்கள் 98, 99 என்று சொல்லிக்கொண்டு திரியும்போது 63ஐக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டம்தான். ஆனால் இந்தச் சரிவு உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலை நோயைக் கணினியால் கண்டறியும் துறையில் மிகவும் பெயர்பெற்ற ஆய்வுக்கே இது நடந்திருக்கிறது.

பிளாண்ட்வில்லேஜ் என்றொரு டேட்டாசெட் (தரவுத் தொகுப்பு) இருக்கிறது. 14 பயிர்கள், 26 நோய்கள், மொத்தம் 54,306 இலைப் படங்கள். உங்கள் நண்பர்கள் வாங்கிய இலை நோய் புராஜெக்ட்டுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவரும் இந்தப் படங்களைக் கொண்டு ஒரு மாடலைப் பயிற்றுவித்தார்கள். ஒதுக்கி வைத்த படங்களில் சோதித்தபோது 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே மாடலுக்கு வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தார்கள். 31 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. 99 எங்கே, 31 எங்கே! மூவரும் இதை ஒளித்து வைக்கவில்லை. 99ஐ எழுதிய அதே கட்டுரையில் 31ஐயும் எழுதினார்கள். அதனால் அந்தக் கட்டுரைக்கு மதிப்புக் குறையவில்லை. இன்றைக்கும் இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

கதை அதோடு முடியவில்லை. பிளாண்ட்வில்லேஜ் படங்களில் இலையைச் செடியிலிருந்து பறித்து, வெறுமையான பின்னணியில் வைத்துப் படம் எடுத்திருப்பார்கள். 2022இல் வந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு படத்திலிருந்தும் பின்னணியில் உள்ள வெறும் 8 பிக்சலை (படத்தின் மிகச் சிறிய புள்ளி) மட்டும் எடுத்து ஒரு மாடலுக்குக் கொடுத்தார்கள். இலையே அதன் கண்ணில் படவில்லை. ஆனாலும் 49 சதவீதம் சரியாகச் சொன்னது. படங்கள் 38 வகை என்பதால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் படம் எடுத்த நாளும் வெளிச்சமும் பின்னணியும் வேறு வேறாக இருந்திருக்கின்றன. மாடல் நோயைப் படிப்பதற்குப் பதில் பின்னணியைப் படித்துவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள். “நல்ல இலைகளை ஒரே நாள் காலையில், நோய் இலைகளை இன்னொரு நாள் மதியம்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சந்தேகத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

33 எங்கே போயிருக்கும்?

காரணம் ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுவதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வெளிச்சம். காலை வெயிலில் எடுத்த படத்தில் நிழல் நீளமாக விழும், நிறம் சற்று மென்மையாக இருக்கும். உச்சி வெயிலில் இலையின் மேற்பரப்பு வெளுத்துத் தெரியும், மண் பளீரென்று இருக்கும். உங்கள் மாடல் “காலைப் படம் என்றால் நல்ல இலை, மதியப் படம் என்றால் நோய்” என்று கற்றுக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சித்தப்பா வயலில் இரண்டு வகையையும் ஒரே வேளையில் எடுத்திருந்தால், அந்தக் குறுக்குவழி அங்கே எடுபடாது.

இரண்டாவது, ஒரே செடி இரண்டு பக்கமும் இருப்பது. ஒரு செடிக்கு நாலைந்து படம் எடுத்தேன் என்கிறீர்கள். பிறகு ஆயிரம் படத்தையும் கலைத்துப் போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரித்திருப்பீர்கள். அப்போது ஒரு செடியின் மூன்று படம் பயிற்சியிலும், நாலாவது படம் சோதனையிலும் போய்ச் சேரும். வினாத்தாள் முந்தின நாளே கைக்கு வந்தவன் வாங்கிய மதிப்பெண்ணைப் போன்றதுதான் அந்த 96. இதை டேட்டா லீக்கேஜ் (சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிவது) என்பார்கள். நல்ல ஜர்னல்களில் வந்த கட்டுரைகள்கூட இதில் சிக்கியிருக்கின்றன. அதனால் நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, ரகம். உங்கள் வயலில் விதைத்தது எந்த ரகம், சித்தப்பா விதைத்தது எந்த ரகம்? நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஆலங்குடிக்குப் பக்கத்திலேயே, வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8 போல மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ரகம் மாறினால் இலையின் அகலம் மாறும், பச்சையின் அடர்த்தி மாறும், நோய் வெளிப்படும் விதமும் மாறலாம். ஒரே ரகத்தைப் பார்த்துப் பழகிய மாடல் இன்னொன்றில் தடுமாறுவது இயல்பு.

நாலாவது, பெயரிட்டதில் பிழை. 300 படத்துக்கு “நோய்” என்று பெயர் கொடுத்தது யார்? நீங்களா, அப்பாவா? மஞ்சளாக இருப்பதெல்லாம் மஞ்சள் தேமல் இல்லை. மஞ்சள் தேமல் வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய். இளம் இலையில் சிறு மஞ்சள் புள்ளிகளாகத் தொடங்கி, பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக, ஓர் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் இளம் இலை மஞ்சளாகும். ஆனால் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி சீராக வெளுக்கும். கையில் இலையை வைத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் புரியும். செல்போன் படத்தில், அதுவும் மதிய வெயிலில் எடுத்ததில், ஏமாந்துவிடலாம். பெயரே தவறாக இருந்தால் மாடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த இரண்டு எண்களைச் சரியாகப் படியுங்கள்

உங்கள் ஆயிரம் படத்தில் 700 நல்ல இலை. எதையும் பார்க்காமல் “எல்லாம் நல்ல இலைதான்” என்று சொல்லும் ஒரு சோம்பேறிப் புரோகிராம் எழுதினால், அதற்கே 70 சதவீதம் கிடைத்துவிடும். இதை பேஸ்லைன் (குறைந்தபட்ச ஒப்பீட்டு அளவு) என்பார்கள். சித்தப்பா வயலில் 100க்கு 100 என்பதால் அங்கே பேஸ்லைன் 50. ஆக, ஒரு வயலில் 70க்கு மேல் 26 ஏறியது. இன்னொன்றில் 50க்கு மேல் 13 ஏறியது. ரிப்போர்ட்டில் பேஸ்லைனையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வாங்கிய புராஜெக்ட்டுகளில் பெரும்பாலும் இந்த வரி இருக்காது.

அடுத்தது, 200 படம் என்பது சின்ன எண்ணிக்கை. 200இல் 126 சரி என்றால், உண்மையான திறன் ஏறக்குறைய 56இலிருந்து 70 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் புள்ளியியல் சொல்லும். “63 சதவீதம் (56 முதல் 70 வரை)” என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் எழுதியது என்று வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னலுக்கு (வெளித் தேர்வாளர்) உடனே புரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த 126 சரி என்பது. நல்ல இலை 100இல் 88ம், நோய் இலை 100இல் 38ம் சரியாகச் சொல்லியிருந்தாலும் மொத்தம் 126தான். இரண்டிலும் 63, 63 என்று வந்திருந்தாலும் 126தான். ஆனால் விவசாயிக்கு இரண்டும் ஒன்றல்ல. முதல் கணக்கில் நூற்றில் 62 நோய்ச் செடியை “நல்லது” என்று விட்டுவிடுகிறது. மஞ்சள் தேமல் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்து, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தினால்தான் மற்றவை பிழைக்கும். ஆகவே நல்ல செடியைத் தவறாகச் சந்தேகிப்பதைவிட, நோய்ச் செடியைத் தவற விடுவதே இங்கே பெரிய நஷ்டம். இதை அளப்பதற்கு ரீகால் (நோயுள்ளவற்றில் எத்தனையைக் கண்டுபிடித்தது), பிரிசிஷன் (நோய் என்று சொன்னவற்றில் எத்தனை உண்மை) என்று இரண்டு அளவுகள் உண்டு. கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் (எது எதுவாகச் சொல்லப்பட்டது என்று காட்டும் கட்டம்) போட்டு, இரண்டையும் கணக்கிட்டு எழுதுங்கள்.

ஆறு வாரத்துக்கு என்ன செய்யலாம்?

முதல் வாரம் புதுப் படம் எதுவும் வேண்டாம். இருக்கும் ஆயிரத்தையும் செடிவாரியாகப் பிரியுங்கள். ஒரு செடியின் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்: பயிற்சி என்றால் பயிற்சி, சோதனை என்றால் சோதனை. மறுபடி ஓட்டுங்கள். 96 கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும். எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குக் கசிவு காரணம்.

அதே வாரத்தில் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒவ்வொரு படத்திலும் இலை இல்லாத மூலையை, வெறும் மண் தெரியும் துண்டை, வெட்டியெடுத்துக்கொள்ளுங்கள். அந்த மண் துண்டுகளை மட்டும் வைத்து மாடலைப் பயிற்றுவியுங்கள். இலையே இல்லாமல் 70க்கு மேல் நன்றாக ஏறினால், வெளிச்சம்தான் மாடலை ஏமாற்றியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். துண்டுகள் சின்னவை என்பதால் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். உங்கள் ரிப்போர்ட்டில் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் வயலுக்குப் போங்கள். மாசிப்பட்டத்து உளுந்து இப்போது நின்றுகொண்டிருக்கும். உங்கள் வயல், சித்தப்பா வயல் தவிர இன்னும் இரண்டு வயலாவது பாருங்கள். ஒவ்வொரு வயலிலும் காலையிலும் மதியத்திலும் இரண்டு வகை இலைகளையும் கலந்து எடுங்கள். இரண்டும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். ஒரு செடிக்கு ஒரு படம் போதும். ஒரு நோட்டில் வயல், செடி எண், தேதி, நேரம், ரகம், விதைத்து எத்தனை நாள், எந்த செல்போன் என்று எழுதி வையுங்கள். 300 படம் இப்படி ஒழுங்காக எடுத்தால், அவசரமாக எடுத்த 3,000 படத்தைவிட அதிகம் பயன்படும்.

படங்களுக்குப் பெயரிடுவதை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் அப்பாவாக இருக்கலாம். நாற்பது போகம் பார்த்த கண்ணுக்கு மதிப்பு உண்டு. இன்னொருவர் பயிர் நோய் படித்தவராக இருக்க வேண்டும். கைடிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வம்பன் மையத்துக்குப் போய், இதுதான் விஷயம் என்று பணிவாகக் கேளுங்கள். எல்லாப் படத்தையும் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. குழப்பமான ஒரு ஐம்பது படத்தையாவது பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். இருவரும் எத்தனை படத்தில் ஒத்துப்போனார்கள் என்பதை கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் ஒற்றுமை அளவு) என்ற எண்ணாக எழுதலாம். மனிதர்களே ஒத்துப்போகாத படங்களில் கணினி தவறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாலாவது வாரம் மறுபயிற்சி. லேப்டாப் இல்லையே என்று வருந்துகிறீர்கள். கூகுள் கோலாப், கேகிள் இரண்டிலும் ஜி.பி.யூ. (வேகமாகக் கணக்கிடும் சில்லு) இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி லேபில் உட்கார்ந்தே செய்யலாம். இலவசம் என்பதால் நடுவில் அறுந்துபோகும். அவ்வப்போது டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். மாடலும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வாங்கும் புராஜெக்ட்டுகளில் அடிக்கடி காணப்படும் வி.ஜி.ஜி.-16 மாடலில் சுமார் 13.8 கோடி பாராமீட்டர்கள் (பயிற்சியில் மாறும் எண்கள்). செல்போனுக்கென்றே உருவாக்கிய மொபைல்நெட் இரண்டாம் பதிப்பில் சுமார் 35 லட்சம்தான். ஏற்கெனவே லட்சக்கணக்கான பொதுப் படங்களில் பயின்ற மொபைல்நெட்டை எடுத்து, அதன் கடைசி அடுக்கை மட்டும் உங்கள் இலைகளுக்காகப் பயிற்றுவித்தால் போதும். இதுதான் டிரான்ஸ்ஃபர் லேர்னிங் (ஒன்றில் கற்றதை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது). கடைசியில் உங்கள் மாடல் ஓடப்போவது விவசாயியின் செல்போனில் என்பதால், சின்ன மாடல் என்பதும் அதற்கு ஒரு சிறப்புத்தான்.

சோதனையை வயல்வாரியாகச் செய்யுங்கள். நான்கு வயல் இருந்தால், மூன்றில் பயிற்சி கொடுத்து நாலாவதில் சோதியுங்கள். அப்படியே முறை மாற்றி நான்கு தடவை. நான்கு எண் வரும். சராசரியோடு நிறுத்தாமல், மிகக் குறைந்ததையும் எழுதுங்கள். நாளைக்கு ஒரு புது விவசாயி பயன்படுத்தும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த நான்கும்தான் நேர்மையான பதில்.

ஐந்தாவது வாரம், தவறாகச் சொன்ன படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கிராட்-கேம் (படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுத்தது என்று வண்ணத்தில் காட்டும் முறை) போட்டுப் பார்த்தால், மாடலின் கவனம் இலைத்திட்டில் இருந்ததா, மண்ணில் இருந்ததா என்று தெரிந்துவிடும். நாலைந்து படங்களை ரிப்போர்ட்டில் சேருங்கள். ஆறாவது வாரம் எழுத்து வேலைக்கு. தலைப்பையும் கொஞ்சம் மாற்றக் கைடிடம் அனுமதி கேளுங்கள். “உளுந்து இலை நோயைக் கண்டறிதல்” என்று பொதுவாக இருந்தால், எவ்வளவு சதவீதம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். “ஒரு வயலில் பயின்ற மாடல் இன்னொரு வயலில் எவ்வளவு பயன்படும்: உளுந்து மஞ்சள் தேமலில் ஓர் ஆய்வு” என்று இருந்தால், 63 உங்களுக்குத் துணையாக நிற்கும்.

பணம் கட்டி வாங்குவது பற்றி

உங்கள் நண்பர்களை நான் திட்டப்போவதில்லை. நேரமும் வழிகாட்டலும் இல்லாமல் பலர் அங்கே போய் நிற்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் அங்கே என்ன கிடைக்கிறது என்று யோசியுங்கள். ஒரு பேஸ் பேப்பர் (அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் வெளியான கட்டுரை), இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் டேட்டாசெட், ஓடும் கோடு, பல கல்லூரிகளுக்கு ஒரே மாதிரி போகும் ரிப்போர்ட். வைவாவில், “இந்த வரியை மாற்றினால் என்ன ஆகும்? மாற்றிக் காட்டுங்கள்” என்று கேட்டால், சென்டரில் சொல்லிக்கொடுத்த விளக்கம் கைகொடுக்காது.

சட்டமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் முதுகலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். பிற எழுத்துகளோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. ஒரே ரிப்போர்ட்டைப் பத்துப் பேர் கொடுத்தால் எந்தப் படியில் போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் ரிப்போர்ட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். முன்னுரை, முந்தைய ஆய்வுகள் ஆகிய பகுதிகளில்தான் பிள்ளைகள் தெரியாமல் வரி வரியாக எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கட்டுரையைப் படித்து, மூடி வைத்துவிட்டு, உங்கள் வார்த்தையில் எழுதி, யாருடையது என்று குறிப்பிடுங்கள்.

மூன்று நாளில் வெளியிடுவதாக வந்த மெயிலை அழித்துவிடுங்கள். ஒரு கட்டுரையைத் தெரிந்தவர்கள் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, ஏற்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் நடப்பது பணப் பரிமாற்றம் மட்டும்தான். 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், கணினி அறிவியல் சொற்களை அர்த்தமில்லாமல் கோத்துத் தானே கட்டுரை எழுதும் சைஜென் என்ற புரோகிராமை விளையாட்டாகச் செய்தார்கள். அது எழுதிய ஒரு கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது! இந்த விஷயம் பரவிய பிறகும் உலகம் விழித்துக்கொள்ளவில்லை. 2014இல் ஸ்பிரிங்கர், ஐ.இ.இ.இ. போன்ற பெரிய பதிப்பாளர்களே, அந்தப் புரோகிராம் எழுதிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தங்கள் தொகுப்பிலிருந்து நீக்க வேண்டி வந்தது. பெரிய இடங்களிலேயே இந்த நிலை என்றால், மூன்று நாள் ஜர்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு நீங்கள் பி.எச்டி.க்குப் போனாலும், ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைவா நாளில்

எக்ஸ்டர்னல் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. உங்கள் தரவு எங்கிருந்து வந்தது? உங்கள் எண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்? உங்கள் மாடல் எங்கே தவறுகிறது? இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கும். அந்த நோட்டையும் கையில் கொண்டுபோங்கள். “63தானா?” என்று யாராவது கேட்டால் குரல் இறங்க வேண்டாம். “ஆமாம் ஐயா. பயிற்சி தந்த வயலில் 96, பார்க்காத வயலில் 63. ஏன் என்று கண்டுபிடித்து, சரி செய்து, மறுபடி அளந்திருக்கிறேன்” என்று சொல்லி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். புதிய எண் 70 வந்தாலும் சரி, 80 வந்தாலும் சரி, முன்பு இருந்த 63லேயே நின்றாலும் சரி, அளந்த முறை சரியாக இருந்தால் மதிப்பெண் வரும்.

ஒன்றும் ஆகாது அம்மா, தூங்குங்கள். நாளைக்குக் காலையில் படங்களைச் செடிவாரியாகப் பிரிக்கத் தொடங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. புராஜெக்ட் செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால் எத்தனை சதவீதம் வந்தது என்று கேட்காதீர்கள். வேறு இடத்தில் சோதித்துப் பார்த்தாயா என்று கேளுங்கள்.